ஃப்யூஸ் போகவில்லை, ஹெட்லைட் மட்டும் எரிந்துவிட்டது: காரணம் எங்கே?

ஏப்ரல் 4 – உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது

"மல்லிகைப் பூ ஏற்றிக்கொண்டு தினமும் மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும் சின்ன சரக்கு வேன். விடியற்காலை நாலரை மணிக்குச் செக்கானூரணி தாண்டும்போது வலது ஹெட்லைட்டுக்குப் பின்னால் தீப்பிடித்தது. டிரைவர் ரோட்டோரத்து மண்ணை அள்ளிப் போட்டு அணைத்துவிட்டார். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து பார்த்தால் ஒரு ஃப்யூஸ் கூடப் போகவில்லை. ஊரில் மெக்கானிக் எலி கடித்திருக்கும் என்கிறார். ஃப்யூஸ் நன்றாக இருக்கும்போது ஷார்ட் எப்படி ஆகும்? ஷார்ட் ஆகாமல் தீ எப்படி வரும்?"

ஏப்ரல் 4, இரவு

எதையும் கழற்றாதீர்கள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையை மட்டும் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். கரியைத் துடைப்பது, தொங்கும் வயரை வெட்டி டேப் சுற்றுவது எதுவும் வேண்டாம். தீ எங்கே ஆரம்பித்தது என்பதற்கு அந்தக் கரிதான் சாட்சி. பானெட்டைத் திறந்தபடி எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட் ஆகாமலும் தீ வரும். தன் வழியாக எவ்வளவு கரன்ட் போகிறது என்பது ஒன்றுதான் ஃப்யூஸுக்குத் தெரியும். பல்பு ஹோல்டரில் பின் லூசாகிவிட்டால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் (கரன்ட்டுக்கு வரும் தடை) கூடும். அதனால் மொத்தக் கரன்ட் அதிகமாகாது, கொஞ்சம் குறையவே செய்யும். ஆனால் அந்த ஒரு முனையில் சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். ஃப்யூஸ் பார்வையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஹோல்டர் உருகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

நான்கு விஷயம் தெரிய வேண்டும். பல்பு எத்தனை வாட்? தீக்கு முன்னால் வலது பக்க வெளிச்சம் மங்கியதா, விட்டுவிட்டு எரிந்ததா? சுவிட்சை ஆஃப் செய்ததும் புகை நின்றதா? நான்காவதுதான் முக்கியம்: தீப்பிடிக்காத இடது ஹெட்லைட்டின் ஹோல்டரைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், என்ன நிறத்தில் இருக்கிறது?

ஏப்ரல் 5, காலை

டிரைவரே போனில் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒவ்வொரு வார்த்தையும் வேலைக்கு ஆகும்.

"ஒரு வாரமாவே வலது லைட்டு மேடு பள்ளத்துல ஏறி இறங்குனா மங்கி மங்கி எரிஞ்சுச்சுண்ணே. கையால ஒரு தட்டு தட்டுனா சரியாயிரும். அன்னைக்கு முதல்ல மீன் கருகுன மாதிரி ஒரு வாடை. அப்புறம் புகை. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன், சாவியையும் எடுத்துட்டேன். அப்பவும் உள்ள சர்சர்னு பொறி பறந்துச்சுண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா நின்னுச்சு."

மங்கி மங்கி எரிந்தது, தட்டினால் சரியானது: லூஸ் கான்டாக்ட். மீன் வாடை: பேக்லைட், நைலான் மாதிரி பிளாஸ்டிக் பொருட்கள் சூடேறிச் சிதையும்போது வருவது. இந்த வாடையை முகர்ந்தவர்கள் எலி செத்துக் கிடக்கிறது என்று பானெட்டுக்குள் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்குள் மீன் வாடை அடித்தால் முதலில் ஹோல்டர்களையும் கப்ளர்களையும் (வயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்புகள்) தொட்டுப் பாருங்கள்.

சுவிட்சும் அணைந்து, சாவியும் எடுத்த பிறகு பொறி பறந்ததுதான் என்னை உட்கார விடவில்லை. ஹோல்டர் மட்டும் காரணம் என்றால் சுவிட்சை அணைத்ததும் பொறி நிற்க வேண்டும். உருகிய பிளாஸ்டிக் எரிந்துகொண்டிருக்கலாம், புகை வரலாம். பொறி மட்டும் வராது. பொறிக்குக் கரன்ட் வேண்டும். ஹெட்லைட் சுவிட்சுக்குக் கட்டுப்படாத வேறொரு வயர் அந்த இடத்தில் உயிரோடு இருந்திருக்கிறது.

ஏப்ரல் 5, மதியம்

பல்பு விவரம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் எச்4 வகை (ஒரே பல்பில் பிரைட்டும் டிம்மும்), 100/90 வாட்: பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90. முன்பிருந்த டிரைவர் போட்டதாம். வண்டியோடு வந்தது 60/55 வாட்.

இது கணக்குப் போட வேண்டிய இடம். 12 வோல்ட்டில் 55 வாட் டிம் எடுக்கும் கரன்ட் சுமார் 4.6 ஆம்பியர். 90 வாட் எடுப்பது 7.5 ஆம்பியர். ஒன்றரை மடங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் கான்டாக்ட்டில் வரும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பின்னில் 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.6 ஆம்பியரில் அங்கே 2 வாட் சூடு. 7.5 ஆம்பியரில் 5.6 வாட், அதாவது இரண்டரை மடங்குக்கு மேல். 25 வாட் சாலிடரிங் அயர்ன் ஈயத்தைத் தண்ணீராக உருக்கும். அதில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான சூட்டை, நகக்கண் அளவு தகட்டில், காற்றுப் போகாத ரப்பர் மூடிக்குள், மணிக்கணக்கில் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே ஹாலஜன் பல்பும் இருக்கிறது. அதன் குவார்ட்ஸ் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஹாலஜன் சுழற்சியே (ஆவியாகும் டங்ஸ்டன் மறுபடி இழைக்கே திரும்புவது) ஒழுங்காக நடக்கும். வயரின் சாதாரண பி.வி.சி உறையோ 100 டிகிரி சொச்சத்தைத் தாண்டினால் தாக்குப்பிடிக்காது.

சூடு ஏறினால் பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகட்டின் விறைப்பு போய்விடும். பிடி தளரும், ரெசிஸ்டன்ஸ் கூடும், இன்னும் சூடு ஏறும். ஒரு முறை இந்த வட்டத்தில் மாட்டிய ஹோல்டர் தானாகச் சரியாகாது. தட்டினால் எரியும், அவ்வளவுதான். தட்டித் தட்டி ஓட்டிய அந்த ஒரு வாரம்தான் இந்தத் தீயின் முன்கதை.

வலது டிம்முக்கான ஃப்யூஸ் நீல நிறம், 15 ஆம்பியர். 7.5 ஆம்பியருக்கு அது ஏன் போகப்போகிறது?

ஏப்ரல் 7, இரவு

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் காளவாசல் பக்கம் கொண்டுவந்தார்கள். வெயில் தாழ்ந்தபின் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பல்பு. கரி பிடித்திருந்ததே தவிர உடையவில்லை. துடைத்து தனி பேட்டரியில் கொடுத்தால் டிம்மும் பிரைட்டும் பளிச்சென்று எரிகின்றன. கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கால் பல்பு வெடித்து அதனால் தீ என்று ஒருவர் சந்தேகப்பட்டிருந்தார். கண்ணாடியில் விரல் படக்கூடாது என்பது சரி. எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகிப் பல்பு கெடும். இங்கே அது நடக்கவில்லை.

ரிஃப்ளெக்டரின் பின்பக்கம் கருப்பு, முன்கண்ணாடி முழுசாக இருக்கிறது. முன் கிரில்லில் கட்டியிருந்த மல்லிகைச் சரம் காய்ந்து தொங்குகிறது, நுனி கூடக் கருகவில்லை. பூச்சரம் ஹெட்லைட்டில் பட்டுத் தீப்பிடித்திருக்குமோ என்று கேட்டவருக்கு இது பதில். தீ பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது.

இனி ஹோல்டர். மூன்று பின்: எர்த் (வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), டிம், பிரைட். ஹோல்டரில் பாதி உருகி ஒழுகியிருக்கிறது. மிச்சப் பாதியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் டிம் பின் இருந்த குழியில்தான் கரி ஆழம். பிரைட் பின் பக்கம் பிளாஸ்டிக் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது. பல்பின் டிம் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். நடுவில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு பட்டை, அதன் ஓரத்தில் பூச்சி அரித்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள். வெளியிலிருந்து வந்த தீ மூன்று தகட்டையும் ஒரே மாதிரி கருக்கியிருக்கும். ஒரு தகட்டில் மட்டும் குழி விழுந்தால் அங்கே பலநாள் பொறி தட்டியிருக்கிறது என்று பொருள்.

ஆனால் டிரைவர் சொன்ன பொறிக்கு இது பதில் இல்லை. ஹோல்டருக்கு மேலே, ஹெட்லைட் வயர்களோடு சேர்த்து டேப் சுற்றிய ஒரு சிவப்பு வயர். அது வண்டியோடு வந்தது இல்லை. பின்னாளில் மாட்டிய ஹாரனுக்காக பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக ரிலேவுக்கு (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இழுத்தது. நடுவில் ஃப்யூஸ் கிடையாது. ஹோல்டருக்கு நேர் மேலே, பாடித் தகட்டை ஒட்டி அறுந்து நிற்கிறது. நுனியில் மிளகு அளவுக்குச் செம்பு உருண்டை.

ஏப்ரல் 8, அதிகாலை

தூக்கம் வரவில்லை. உருண்டையைப் பற்றியே யோசிக்கிறேன்.

கூட வந்த எலக்ட்ரீசியன் தம்பி உருண்டையைப் பார்த்ததும் முடிவுகட்டிவிட்டார்: "ஹாரன் வயர் ஷார்ட்ண்ணே, அதான் தீ. ஹெட்லைட் பாவம், பக்கத்துல இருந்து எரிஞ்சிருச்சு." அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. செம்பு உருகுவது 1085 டிகிரியில். ஹெட்லைட் பின்னால் எரிந்த ஒரு கைப்பிடி அளவு பிளாஸ்டிக் அப்படி ஓர் இடத்தில் மட்டும் செம்பை உருட்டித் திரட்டாது. உருண்டை வழவழப்பாக, அதை அடுத்த வயர் இழை இழையாகக் கெடாமல் இருந்தால் அது ஷார்ட்டில் வந்த உருண்டைதான். ஷார்ட் நடந்தது உறுதி.

எது முதலில் என்பதுதான் கேள்வி. உறை உருகும்போது அந்த வயரில் கரன்ட் இருந்தது என்பதை உருண்டை சொல்லும். உறை ஏன் உருகியது என்பதைச் சொல்லாது. தீ வைத்த வயரும் உருண்டையாகும், தீயில் மாட்டிய வயரும் உருண்டையாகும்.

ஏப்ரல் 8, மாலை

இன்று வயரை முழு நீளத்துக்கும் உருவிப் பார்த்தேன். பேட்டரி முனையிலிருந்து உருண்டை வரை உறை தளர்ந்து, செம்பின் மேல் சட்டை மாதிரி நகர்கிறது. உள்ளிருந்து சூடேறியதன் அடையாளம் அது. உருண்டை இருந்த இடத்திலிருந்து ரிலே வரை உள்ள துண்டில் உறை இறுக்கமாக இருக்கிறது. ஆக ஷார்ட் ஆனது அந்த ஒரு இடத்தில்தான். பேட்டரியின் முழு பலமும் அந்த வயரில் பாய்ந்து, வயரே உருகி அறுந்தபிறகு பொறி நின்றிருக்கிறது. "தானா நின்னுச்சு" என்று டிரைவர் சொன்னது இதைத்தான்.

சரி, அந்த இடத்தில் உறை ஏன் போனது? உரசினால் போகும். தகட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். அங்கே மடித்து விட்ட விளிம்பு, கூர்மை இல்லை. வயர் டேப்போடு கட்டப்பட்டிருந்ததால் ஆடவும் வழியில்லை. எலி கடித்தால் இணையாக இரண்டு இரண்டு பல் தடம் இருக்கும், கீழே உறைத் துணுக்கு உதிர்ந்திருக்கும். பேட்டரித் தட்டுப் பக்கம் பழைய எலிப் புழுக்கை கிடக்கிறது, அது உண்மை. எந்த வயரிலும் பல் தடம் இல்லை. எலியை இந்த வழக்கிலிருந்து விடுவிக்கலாம். (பொதுவாக எலியை விடுவிக்க வேண்டாம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அவை வண்டிக்குள் ஏறுவதை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.)

இனி இடது பக்கம். தீயே படாத பக்கம் அது. அங்கே ஹாரன் வயர் இல்லை, ஆனால் அதே 90 வாட் பல்பு. ரப்பர் மூடியைக் கழற்றியதும் அதே மீன் வாடை. ஹோல்டர் டிம் பின் அருகே பழுத்து, ஒரு கீறல் விட்டிருக்கிறது. இழுத்தால் பல்பிலிருந்து எதிர்ப்பே இல்லாமல் கழன்று வருகிறது. நல்ல ஹோல்டர் அவ்வளவு சுலபத்தில் வராது.

இதற்குப் பிறகு எனக்குக் குழப்பமில்லை. மங்கி மங்கி எரிந்தது ஒரு வாரம் முன்பே. வாடை முதலில், புகை பிறகு, பொறி கடைசியில். இரண்டு பக்கமும் ஒரே பின்னில் ஒரே நோய். வலது ஹோல்டர் சூடேறி எரியத் தொடங்கியது. அந்த ஜுவாலை மேலே இருந்த ஃப்யூஸ் இல்லாத வயரின் உறையைத் தின்றது. அது பாடியில் பட்டது. ஹோல்டரோடு நின்றிருந்தால் சுவிட்சை அணைத்ததும் அடங்கியிருக்கக்கூடிய தீயை அந்த வயர் ஊதிவிட்டது. வைத்தது ஹோல்டர், வளர்த்தது ஹாரன் வயர். ஹோல்டர் எரியும்போது கரன்ட் அளவோடு இருந்தது. ஹாரன் வயர் எரியும்போது கரன்ட் ஃப்யூஸ் பாக்ஸ் வழியாகவே போகவில்லை. ஃப்யூஸ் எப்படிப் போகும்?

ஏப்ரல் 9

இடது பக்கத்தை மீட்டர் வைத்து அளந்தோம். பலர் இதை ஓம் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்கிறார்கள். விளக்கு அணைந்திருக்கும்போது ஓம் பார்த்துப் பயனில்லை. 0.1 ஓமை சாதாரண மீட்டரில் நம்பிப் படிக்கவே முடியாது. விளக்கு எரியும்போது வோல்ட் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஓட, டிம் எரிய, பேட்டரியில் 13.8 வோல்ட். பல்பின் இரண்டு பின்னுக்கு நடுவில் 12.3. ஒன்றரை வோல்ட் வழியிலேயே போகிறது. எங்கே போகிறது? மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பல்பின் எர்த் பின்னில்: 0.4. பாசிட்டிவ் பக்கம் மொத்தம் 1.1. அதிலும் ஹோல்டர் வயருக்கும் பல்பின் டிம் தகட்டுக்கும் நடுவில், வெறும் அரை அங்குலத்தில், 0.6 வோல்ட். ஏழரை ஆம்பியர் போகும்போது அது 4.5 வாட். நான் மேலே போட்ட கணக்கு வெறும் ஊகமாக இருந்தது, இப்போது மீட்டரே சொல்லிவிட்டது. வண்டி இன்னும் சில வாரம் ஓடியிருந்தால் இடது பக்கமும் பற்றியிருக்கும்.

பாசிட்டிவ் பக்கம், எர்த் பக்கம் எதிலானாலும் மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் நான் விடமாட்டேன். எர்த் பக்கத்தைப் பலரும் பார்ப்பதே இல்லை. பாடியில் எர்த் போல்ட் துருப்பிடித்து, பெயின்ட் மேல் வைத்து முறுக்கியிருப்பார்கள்.

ஏப்ரல் 10

வெளிச்சத்துக்காகத்தானே 90 வாட் போட்டார்கள், அதைக் குறை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்கள். செக்கானூரணி ரோட்டில் விடியலுக்கு முன் ஓட்டுபவரின் தேவை எனக்குப் புரிகிறது. மாடு, சைக்கிள், விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் எல்லாம் அந்த நேரத்தில்தான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்: ஹாலஜனில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். மெலிந்த வயரில் பெரிய பல்பு போட்டு, கொடுத்த காசில் ஒரு பங்கை வயரைச் சூடாக்கவே செலவழிக்கிறோம்.

இந்த வண்டிக்குச் செய்தது: 60/55 வாட் பல்பு, செராமிக் ஹோல்டர், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என ரிலே. ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-லிருந்து பல்பு, 85-க்கும் 86-க்கும் பழைய ஹெட்லைட் வயரும் எர்த்தும். இதனால் சுவிட்சின் மேல் இருந்த பாரமும் போய்விட்டது. ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் ஃப்யூஸை வைத்தால் பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவிலுள்ள வயர் அனாதை. ஹாரனுக்கும் அப்படியே ஃப்யூஸ் போட்டு, வயரை ஹெட்லைட்டை விட்டு விலக்கி ஸ்லீவுக்குள் கொண்டுபோனோம். எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினோம். இப்போது டிம்மில் மொத்த இழப்பு 0.3 வோல்ட்.

செராமிக் ஹோல்டர் மட்டும் மாற்றினால் போதுமா என்றால், போதாது. செராமிக் உருகாது என்பதால் சூடு நேராக வயருக்குப் போகும். உள்ளே பின்னின் பிடி இறுக்கமாக இருக்கிறதா என்பதைத்தான் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 12

எல்.இ.டி பற்றி நிறையக் கேள்வி. வாட் குறைவு, கரன்ட் குறைவு, ஆகவே ஹோல்டர் பிழைக்கும். உண்மை. ஆனால் ஹாலஜனுக்குச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பைபாஸ் ரோட்டில் இரவு ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தவிர அதன் பின்னால் இருக்கும் ஃபேனுக்குக் காற்று வேண்டும் என்று ரப்பர் மூடியைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அடுத்த வாட்டர் வாஷில் தண்ணீர் உள்ளே போய், பல்பின் பின்னில் பச்சை பூக்கும். பச்சை பூத்த பின் மறுபடி ரெசிஸ்டன்ஸ்.

டூவீலர் வைத்திருப்பவர்களுக்கு: 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வரும் புது டூவீலர்களில் என்ஜின் ஓடும்வரை ஹெட்லைட் எரியும். பகல் முழுக்க ஹோல்டருக்கு ஓய்வில்லை. அதில் கூடுதல் வாட் பல்பு போடுவது எனக்கு அறவே பிடிக்காத வேலை.

ஏப்ரல் 13

இன்ஷூரன்ஸ் பற்றி. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் சொந்த வண்டி எரிந்ததற்கு எதுவும் கிடைக்காது. சொந்த வண்டியின் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில் தீயும் தானாகப் பற்றுவதும் அடங்கும். ஆனால் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்ப்பதற்கு முன் கழற்றிச் சரிசெய்துவிட்டால் பேச வழியில்லை. சொல்லாமல் செய்த மாற்றங்களைக் காட்டித் தகராறும் வரும். முதல் நாளே எதையும் தொடாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். இவர்களிடம் தேர்ட் பார்ட்டிதான் இருந்தது, அதனால் உடனே வேலையை ஆரம்பித்தோம்.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, ஆட்களை இறக்கிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். பானெட்டை அகலத் திறக்காதீர்கள், காற்றுக் கிடைத்ததும் குப்பென்று ஏறும். லேசாக இடைவெளி விட்டு அதன் வழியே தீயணைக்கும் பவுடர் சிலிண்டரை அடியுங்கள். ஒரு கிலோ ஏ.பி.சி வகைப் பவுடர் சிலிண்டர் சீட்டுக்கு அடியில் அடங்கும். தீ பெரிதாகிவிட்டால் வண்டியை விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள்.

ஏப்ரல் 16

வேன் திரும்ப பூ ஏற்றுகிறது. டிரைவர் நேற்று பேசினார். புது வெளிச்சம் பழையதைவிடக் குறைவாகத் தெரியவில்லை, மழை பெய்தால்தான் முழுசாகச் சொல்வேன் என்றார். நியாயமான பேச்சு. ஒரு மாதம் ஓடியதும் ஹோல்டரைக் கழற்றிப் பின்னின் நிறத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அதே மார்க்கெட்டுக்கு வரும் இன்னும் சில பூ வண்டிகளிலும் 100/90 பல்பு இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்க்கெட் ஓய்ந்தபின் மாட்டுத்தாவணியில் மீட்டரோடு இருப்பேன். விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு வாருங்கள், ஹோல்டர் சூடாக இருந்தால்தான் அளப்பதில் உண்மை தெரியும். ஹாரன், ஃபாக் லைட், ஸ்பீக்கர் என்று பேட்டரியிலிருந்து நேராக இழுத்த வயர் ஏதாவது இருந்தால் அது எந்த வழியாகப் போகிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.